பங்குப் பதிவேடும் கொடிவழியும்: கியூபெக் கிராமப் பங்கு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

ஏழெட்டுத் தலைமுறைகளுக்குப் பின்னோக்கிச் சென்று தன் முன்னோரை ஆவணச் சான்றுடன் நிறுவும் வாய்ப்பு, உலகின் பெரும்பாலான நாடுகளில் அரச குலத்தாருக்கும் பிரபுக்களுக்குமே கிட்டியிருந்தது. உழுதுண்டு வாழ்ந்த குடியானவனுக்குப் பாட்டன் பெயர் தெரிந்திருக்கும். பூட்டன் பெயர் தெரிந்திருப்பின் அது நினைவாற்றலின் பயனேயன்றி ஆவணத்தின் பயன் அன்று. இப்பொது நிலைக்குக் குறிப்பிடத்தக்க ஒரு விதிவிலக்காக அமைவது கனடாவின் கியூபெக் மாகாணமாகும். பிரெஞ்சு மொழி பேசும் அம்மாகாணத்துச் சாதாரண விவசாயக் குடும்பமொன்றில் வந்தவர், தந்தைவழியிலும் தாய்வழியிலும், 17ஆம் நூற்றாண்டிற் கடல் கடந்து வந்த முதற் குடியேற்றக்காரர் வரை தம் முன்னோரைப் பெயர் சுட்டிக் கூறுதல் பெரும்பாலும் இயலும்.

இதனைச் சாத்தியமாக்கியது கிராமப் பங்கிற் பேணப்பட்ட பதிவேடாகும். பங்கு என்பது கத்தோலிக்க திருச்சபையின் அடிப்படை நிருவாக அலகு; ஒரு குருவானவரின் பொறுப்பில் அமைந்த கோவிலையும் அதனைச் சார்ந்த குடிகளையும் குறிப்பது. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் அக்குருவானவர் நாள் தவறாது எழுதிவைத்த ஏட்டிலிருந்தே கொடிவழிகள் கட்டியெழுப்பப்பட்டன.

இவ்வேட்டை இருவகையாக வாசிக்கலாம். ஒன்று, அதனைக் குருதித் தொடர்ச்சியின் சான்றாக வாசித்தல். ஒரே மூதாதையர், ஒரே மதம், ஒரே மண் என்ற முடிவுக்கு அவ்வாசிப்பு இட்டுச்செல்கின்றது. மற்றையது, அதனை நிலவுடைமையும் உழைப்பும் அதிகாரமும் விட்டுச்சென்ற தடமாக வாசித்தல். முதலாவது வாசிப்பே நீண்டகாலம் மேலோங்கி நின்றது. இரண்டாவது வாசிப்பே அவ்வேட்டுக்கு நியாயஞ் செய்வது என்பதனை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

உதாரணத்திற்குக் கியூபெக் நகருக்குக் கிழக்கே, சென் லோறன்ஸ் நதியின் நடுவே அமைந்த ஓர்லியன் தீவை எடுத்துக்கொள்வோம். அத்தீவின் முதலாவது பங்கு 1661இல் நிறுவப்பட்டது. திருக்குடும்பம் எனப் பொருள்படும் 'செந்த் ஃபாமிய்' என்பது அதன் பெயர். அதன் பதிவேடு 1666 முதல் கிடைக்கின்றது. 1679இல் தீவில் மேலும் நான்கு பங்குகள் உருவாயின. பிரெஞ்சுக் கனடாவின் பல குடும்பங்கள் தமது மூலத்தை இத்தீவிற் காண்பதனால், கொடிவழி ஆய்வாளர் இதனைத் தம் இனத்தின் தொட்டில் எனப் போற்றுவர்.

எனினும் தொட்டில் வெறுமையாக இருந்த இடத்தில் வைக்கப்படவில்லை. பங்கு நிறுவப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 1651இல், போரினாற் சிதறுண்ட வெண்டாற் என்னும் ஆதிக்குடியினர் யேசுசபைக் குருமாரின் பாதுகாப்பில் இதே தீவிற் குடியமர்ந்து பயிர் செய்தனர். 1656இல் இரோக்குவா இனத்தார் தாக்கிப் பலரைச் சிறைப்பிடித்துச் சென்றபின், எஞ்சியோர் தீவை விட்டகன்றனர். பங்கின் பதிவேடு இதன் பின்னரே தொடங்குகின்றது. ஆகவே கொடிவழி காட்டும் 'ஆரம்பம்' என்பது ஒரு மக்களின் ஆரம்பமன்று. ஒரு வகை நிலவுடைமையின் ஆரம்பமே என்பது மனங்கொள்ளத்தக்கது.

அந்நிலவுடைமை யாது? 1627இல் 'நூறு பங்காளிகள் கம்பனி'க்கு வழங்கப்பட்ட பட்டயம் பிரான்சின் நிலப்பிரபுத்துவ முறையைப் புதிய நாட்டிற்கும் கொண்டுவந்தது. நிலம் பெரும் பகுதிகளாக நிலப்பிரபுக்களுக்கு வழங்கப்பட்டது. அவர்கள் அதனை 'அபித்தான்' எனப்பட்ட குடியானவருக்குப் பகிர்ந்தளித்தனர். ஒவ்வொரு காணியும் நதிக்கரையிற் குறுகிய முகப்புடையதாய், உள்நோக்கி நீண்டு செல்லும் பட்டியாக அமைந்தது. முகப்பு மூன்று ஆர்ப்பான், நீளம் முப்பது ஆர்ப்பான் என்பது பரவலான அளவு. ஓர் ஆர்ப்பான் ஏறத்தாழ 58 மீற்றர். யாவருக்கும் நதி வேண்டும், நதியே பாதையாகவும் இருந்தது என்பதே இவ்வடிவத்திற்கான காரணம். இதன் விளைவாக வீடுகள் ஒரு நடுவிடத்திற் குவியாது, கரை நெடுக வரிசையாக நின்றன. இவ்வரிசையை ஒரு சமூகமாகக் கட்டிய மையம் கோவிலே.

குடியானவன் நிலத்திற்காக ஆண்டுதோறும் சிறு குத்தகை செலுத்தினான். அதற்குரிய நாள் பெரும்பாலும் நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள். காணியை விற்றால் விலையிற் பன்னிரண்டிலொரு பங்கு, வாங்கியவரிடமிருந்து நிலப்பிரபுவுக்குச் சேர்ந்தது. தானியத்தைப் பிரபுவின் ஆலையிலேயே அரைத்தல் வேண்டும். அதற்குக் கூலி பதினான்கிலொரு பங்கு. இவற்றோடு, விளைந்த தானியத்தில் இருபத்தாறிலொரு பங்கு குருவானவருக்குரிய வரியாகும். இவ்வரியை 1663இற் பதின்மூன்றிலொரு பங்காக விதிக்க முற்பட்டபொழுது குடிகள் எதிர்த்தனர். 1667இல் அது பாதியாகக் குறைக்கப்பட்டமை அவ்வெதிர்ப்பின் பயனாகும். மேய்ப்பரும் மந்தையும் என்ற படிமத்திற்குப் பின்னால் பேரம் பேசிய ஒரு விவசாய வர்க்கம் இருந்தது என்பதற்கு இது தக்க சான்று.

திருச்சபை வரி பெற்றதோடு அமையவில்லை. அதுவே நிலப்பிரபுவாகவும் விளங்கியது. கியூபெக்கின் முதலாவது ஆயரான லவால், 1660களில் ஓர்லியன் தீவையும் எதிர்க்கரையான போப்ரேயையும் உள்ளடக்கிய நிலப்பிரபுத்துவத்தின் உரிமைப் பங்குகளை வாங்கினார். 1675இல் தீவை வேறொரு தீவுக்கு மாற்றாக பேர்த்லோ என்பவரிடம் கையளித்தார். ஆகவே திருக்குடும்பப் பங்கின் தொடக்க ஆண்டுகளில், ஆன்மாவுக்குப் பொறுப்பானவரும் நிலத்திற்கு உரிமையானவரும் ஒருவரே.

கியூபெக்கின் இம்முறை உண்மையில் நிலப்பிரபுத்துவந்தானா என்பது அறிஞரிடையே விவாதத்திற்குரியதாக இருந்துள்ளது. நிலம் மிகுதியாகவும் குத்தகை குறைவாகவும் இருந்தமையால் இம்முறை நடைமுறை வாழ்வை அதிகம் பாதிக்கவில்லை எனப் புவியியலாளர் கோல் ஹரிஸ் 1966இல் வெளிவந்த தமது நூலில் வாதிட்டார். 1974இல் லூயிஸ் தெஷேன் மொன்றியல் பற்றியும், 1985இல் அலன் கிரியர் றிஷலியூ ஆற்றுப் பங்குகள் மூன்றினைப் பற்றியும் எழுதிய நூல்கள் வேறொரு சித்திரத்தைத் தந்தன. தனித்தனியே சிறியனவாகத் தோன்றும் கடன்கள் ஒருங்கே சேர்ந்து விவசாயியின் உபரியை உறிஞ்சின. குடிகள் பெருகி நிலம் அருகியபொழுது அவற்றின் பாரம் ஏறியது. நிலப்பிரபுத்துவம் 1854இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் இழப்பீடாக மாற்றப்பட்ட குத்தகையின் எச்சம் 20ஆம் நூற்றாண்டு வரை குடிகளின் தோள்மீது இருந்தது என்பதையும் சேர்த்து நோக்கின், பின்னைய கருத்தே வலியுடையதாகத் தோன்றுகின்றது.

3

இப்பின்னணியிலேயே பதிவேட்டை அணுகுதல் வேண்டும். அது பக்தியின் பயனாக மட்டும் எழுந்ததன்று. பிரான்சில் 1539ஆம் ஆண்டின் அரச கட்டளை திருமுழுக்கையும், 1579ஆம் ஆண்டின் கட்டளை திருமணத்தையும் அடக்கத்தையும் பதியுமாறு குருமாரைப் பணித்தன. 1667ஆம் ஆண்டின் சட்டம் இரு பிரதிகள் எழுதி, ஒன்றினை நீதிமன்றத்திற் சேர்ப்பிக்குமாறு விதித்தது. வாரிசுரிமை, வயது, மணவுறவு ஆகியவற்றை நிறுவ அரசுக்குச் சான்று தேவைப்பட்டது. குருவானவர் அரசின் எழுதுவினைஞராகவும் கடமையாற்றினார். கோவில் எரிந்து ஒரு பிரதி அழிந்தவிடத்தும் மறுபிரதி எஞ்சியமை இம்மக்களின் கொடிவழி இத்துணை முழுமையாகக் கிடைப்பதற்கு ஒரு முக்கிய காரணமாகும். இவ்விரட்டைப் பணி 1994 தொடங்கும்வரை நீடித்தது. அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த புதிய குடியியற் சட்டக்கோவையே பிறப்பு, இறப்புப் பதிவை முற்றாக அரசின் பொறுப்பாக்கியது.

பதிவுகள் சுருக்கமானவை, ஆயினும் செய்தி நிறைந்தவை. பெண்கள் திருமணத்தின் பின்னும் தந்தைவழிப் பெயராலேயே எழுதப்பட்டனர். இதனால் தாய்வழித் தொடர்ச்சியையும் இடையறாது பின்பற்ற முடிகின்றது. நெருங்கிய உறவினர் மணம்புரிய ஆயரின் விதிவிலக்கு வேண்டும். 1917 வரை திருச்சபைச் சட்டம் நான்காம் படி உறவு வரை தடைசெய்திருந்தமையால், ஒருசில குடும்பங்களே மீண்டும் மீண்டும் கொண்டுங் கொடுத்தும் வாழ்ந்த பங்குகளில் இவ்விதிவிலக்குகள் அடிக்கடி பதிவாயின. கையொப்பமிட்டவர் யார், கையொப்பமிட அறியாதவர் யார் என்பதும் எழுதப்பட்டது. பொது அடக்க நிலத்திற் புதைக்கப்பட்டவர் எவர், கோவிலின் உள்ளே புதைக்கப்பட்டவர் எவர் என்பதும் பதிவாயிற்று. பின்னைய பெருமை குருமாருக்கும் நிலப்பிரபுக்களுக்கும் ஊர்ப் பிரமுகர்களுக்குமே உரியது. ஒரே நம்பிக்கையைக் கொண்ட ஒரே குடும்பம் எனப்பட்ட பங்கு, மரணத்திலும் படிநிலை பேணியது என்பதனை அதன் ஏடே கூறுகின்றது.

இவ்வேடுகளைத் தொகுத்து முதன்முதலிற் பெரும் அகராதியாக்கியவர் சிப்பிரியான் தங்கே என்னும் குருவானவர். 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக அது வெளிவந்தது. தனிமனித உழைப்பின் வியத்தகு சாதனை அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மூலப் பதிவேடு பெண்ணின் பெயரைத் தனித்துப் பேணியிருக்க, அகராதி ஆணின் குடும்பப் பெயரின் கீழேயே அனைத்தையும் ஒழுங்குபடுத்தியது. சான்று ஒன்றாகவும் அதனை அடுக்கும் முறை வேறொன்றாகவும் இருத்தல் கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

4

கொடிவழி, தங்கியவர்களின் வரலாறு. அகன்றவர்களையும் அழிந்தவர்களையும் அது எளிதில் மறந்துவிடும். 1608இற்கும் 1760இற்கும் இடையிற் பிரான்சிலிருந்து வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் திரும்பிச் சென்றனர். நிலையாகக் குடியேறியோர் பத்தாயிரம் பேரளவினரே. அகன்றோரிற் பலர் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்த கூலிகள். ஒப்பந்தம் முடியும்வரை அவர்கள் மணம்புரிய முடியாது. மணமின்றேல் பதிவேட்டில் வழித்தோன்றல் இல்லை. மறுபுறம், 1663 முதல் 1673 வரை அரச செலவில் அனுப்பப்பட்ட ஏறத்தாழ 770 இளம் பெண்கள் இன்று 'அரசனின் புதல்வியர்' எனக் கொண்டாடப்படுகின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் வறிய குடும்பத்தவர்; பலர் தந்தையை இழந்தோர்; கணிசமானோர் பாரிசின் ஆதரவற்றோர் இல்லத்திலிருந்து வந்தோர். குடியேற்றத்திற்கு உழைப்பாளரைப் பெற்றுத்தரல் அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது. பிற்காலம் அவர்களுக்குச் சூட்டிய ஒளிவட்டம் அவ்வறுமையை மறைத்துவிடுகின்றது.

அடிமைகளும் இவ்வேட்டில் உள்ளனர். 1709இல் நிருவாகி றோதோவின் கட்டளை ஆதிக்குடியினரையும் ஆபிரிக்கரையும் அடிமைகளாக வைத்திருத்தலைச் சட்டபூர்வமாக்கியது. வரலாற்றாசிரியர் மார்செல் துறூதெல் 1960இல் வெளியிட்ட நூலும், பின்னர் அவர் தொகுத்த அகராதியும் பிரெஞ்சுக் கனடாவில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகளை அடையாளங்கண்டன. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஆதிக்குடியினர். பெரும்பாலோர் நகரங்களில் வாழ்ந்தாராயினும், நாட்டுப்புறக் குருமாரிடமும் பிரபுக்களிடமும் அடிமைகள் இருந்தனர். அவர்களுக்குத் திருமுழுக்குப் பெயர் உண்டு. குடும்பப் பெயர் இல்லை. 'இன்னாருக்கு உரிய' என்ற குறிப்பு மட்டும் உண்டு. பங்கு அவர்களின் ஆன்மாவைப் பதிந்தது, கொடிவழியை மறுத்தது.

பதிவேட்டின் மௌனமும் சில வேளைகளில் ஒரு தீர்ப்பாகும். 1837இற் பிரித்தானிய ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்த தேசபக்தர்களைத் திருச்சபைத் தலைமை கண்டித்தது. அவ்வாண்டு டிசம்பர் 14இல் சென் யூஸ்தாஷ் கிராமக் கோவிலில் நின்று போராடி மாண்ட வைத்தியர் ஷெனியேக்குத் திருச்சபை அடக்கம் மறுக்கப்பட்டது. அவரது எச்சங்கள் அவ்வூரின் அடக்க நிலத்தை அடைந்தது 150 ஆண்டுகளின் பின்னர், 1987இலேயாம்.

இவையனைத்திலும் பரந்த வெளியேற்றம் நிலத்தின் பங்கீட்டிலிருந்து பிறந்தது. 1664 முதல் நடைமுறையிலிருந்த பாரிஸ் வழக்குச் சட்டம், குடியானவர் சொத்திற் பிள்ளைகள் யாவருக்கும் சம உரிமை அளித்தது. ஆனால் மூன்று ஆர்ப்பான் முகப்புடைய காணியை ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பிரிப்பின் எவர்க்கும் பயனில்லை. ஆகவே குடும்பங்கள் ஒரு வழி கண்டன. முதுமையுற்ற பெற்றோர் நொத்தாரிசு முன்னிலையில் காணியை ஒரு மகனுக்கு நன்கொடையாக எழுதிக்கொடுப்பர். அவன் அவர்களை ஆயுள்வரை பராமரிப்பதற்கு உடன்படுவான். ஆண்டிற்கு எத்தனை படி கோதுமை, எவ்வளவு விறகு என்பன வரை அவ்வுறுதியில் எழுதப்படும். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலுங்கூட ஒப்பந்தம் தேவைப்பட்டது என்பது கருதத்தக்கது.

எஞ்சிய பிள்ளைகள் என்னவாயினர்? 1898இல் சென் ஜுஸ்தான் பங்கினைப் பற்றி லியோன் ஜெராங் எழுதிய ஆய்வும், 1939இல் சென் தெனி பங்கினைப் பற்றி ஹொரஸ் மைனர் எழுதிய நூலும் இவ்வினாவுக்கு விடை தருகின்றன. ஒருவன் நிலத்தைப் பெற, மற்றையோர் குருத்துவத்திற்கோ, தொழிலுக்கோ, புதிய காடுகளுக்கோ, நகரத்திற்கோ செல்லவேண்டியிருந்தது. மாறாத கிராமம் என்ற தோற்றத்தைத் தாங்கி நின்றது தலைமுறைதோறும் நிகழ்ந்த இவ்வெளியேற்றமே. 1840இற்கும் 1930இற்கும் இடையில் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பிரெஞ்சுக் கனடியர் ஐக்கிய அமெரிக்காவுக்கு, பெரும்பாலும் நியூ இங்கிலாந்தின் நெசவாலைகளுக்கு, இடம்பெயர்ந்தனர். ஒரு பங்கின் ஏட்டில் திருமுழுக்குப் பெற்று, திருமணமும் அடக்கமும் அதிற் காணப்படாத பெயர்களிற் பல இவ்வுழைப்பாளரின் பெயர்களாகும்.

5

கொடிவழி எவ்வாறு கருத்தியலாக மாறியது என்பதனை இலக்கியத்திலே தெளிவாகக் காணலாம். பத்திரிஸ் லக்கோம்ப் 1846இல் எழுதிய 'தந்தையர் நிலம்' என்னும் சிறு நாவலோடு, மண்ணையும் நம்பிக்கையையும் விட்டகலாமையே அறம் எனக் காட்டும் ஒரு மரபு தொடங்கியது. பிரான்சிலிருந்து வந்த லூயி எமோன் எழுதி, அவர் மறைவின் பின் 1914இற் பத்திரிகையிலும் 1916இல் நூலாகவும் வெளியான 'மரியா ஷப்தெலேன்' இம்மரபின் உச்சமாகக் கொள்ளப்பட்டது. இக்காலத்திலேயே குருவானவரும் வரலாற்றாசிரியருமான லியோனல் குறூ, 1919இல் வெளியான 'ஓர் இனத்தின் பிறப்பு' என்னும் நூலின் வாயிலாகத் தூய இனம் என்ற கருத்தை வலியுறுத்தினார். மக்கள் ஆலைகளை நோக்கி வெளியேறிக்கொண்டிருந்த வேளையில், நிலத்தோடு பிணைந்த மாறாத குருதி பற்றிய கதை ஓங்கி ஒலித்தமை தற்செயலன்று. உண்மை வாழ்வில் உடைந்துகொண்டிருந்ததைக் கருத்துலகிற் கட்டிவைக்கும் முயற்சி அது.

யதார்த்தவாதிகளும் இருந்தனர். அல்பேர் லபேர்ஜின் 'லா ஸ்கூயின்' கிராம வாழ்வின் வறுமையையும் கொடுமையையும் மறைக்காது கூறியது. அதன் ஒரு பகுதி சஞ்சிகையில் வெளியானபொழுது பேராயரின் கண்டனத்துக்கு உள்ளானமையால், 1918இல் ஆசிரியர் தனிப்பட்ட முறையில் அறுபது பிரதிகள் மட்டும் அச்சிட்டார். 1938இல் றங்கே என்னும் புனைபெயரில் ஒரு வைத்தியர் எழுதிய 'முப்பது ஆர்ப்பான்' நாவலில், நிலத்தை மகனுக்கு எழுதிக்கொடுத்த முதியவர் இறுதியில் அமெரிக்க நகரொன்றின் வாகனக் கொட்டகையில் இரவுக் காவலாளியாகின்றார். நன்கொடை உறுதியும் நெசவாலை நகரமும் ஒரே வாழ்விற் சந்திக்கும் இந்நாவல், பதிவேட்டின் ஓரங்களில் மறைந்திருந்த வரலாற்றை வெளிக்கொணர்ந்தது.

விஞ்ஞான ஆய்வும் தூய்மைக் கதையைக் கலைத்தது. 1966இல் மொன்றியல் பல்கலைக்கழகத்திலும், 1970களின் தொடக்கத்தில் சகனே பிரதேசத்திலும் பங்குப் பதிவேடுகளைக் கணினியிற் கோக்கும் பெருந்திட்டங்கள் ஆரம்பமாயின. போப்ரே கரைக்குக் குடியேறிய சக்கரி குளூத்தியே என்னும் தச்சர் ஒருவருக்கு 1800ஆம் ஆண்டளவில் மணம்புரிந்த வழித்தோன்றல்கள் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டனர் என்பது இவ்வாறே கணிக்கப்பட்டது. ஒரு தச்சர் எல்லார்க்கும் மூதாதை எனின், அவரை மூதாதையாகக் கொள்ளுதல் எவர்க்கும் தனிச்சிறப்பாகாது. கொடிவழியின் பெருமை அதன் எண்ணிக்கையிலேயே கரைந்துபோகின்றது.

சகனே பிரதேசத்தில் தைரோசினேமியா என்னும் பரம்பரை ஈரல்நோய்க்குரிய மரபணுவை ஏறத்தாழ இருபதில் ஒருவர் தாங்குகின்றனர். இதனை நெருங்கிய உறவினர் மணத்தின் தண்டனை எனப் பலர் கருதினர். பதிவேடுகளைக் கோத்து ஆராய்ந்தபொழுது வேறு காரணம் புலப்பட்டது. போப்ரே கரையிலிருந்து ஷார்லவுவாவுக்கும், அங்கிருந்து 1838 முதல் சகனேக்கும், நிலந்தேடிச் சிறு கூட்டங்களாகப் பெயர்ந்தவர்களிற் சிலர் கொண்டுசென்ற மரபணுவே அங்கு பெருகியது. நோயின் புவியியல் நிலப்பசியின் புவியியலே. இத்தகைய அறிவு மக்களுக்குப் பயன்பட்டமையும் குறிப்பிடத்தக்கது: கியூபெக்கிற் பிறக்கும் குழந்தைகளை இந்நோய்க்காகச் சோதிக்கும் முறை 1970இல் தொடங்கியது.

6

1960களின் 'அமைதிப் புரட்சி'யோடு கல்வியும் மருத்துவமும் திருச்சபையின் கையிலிருந்து அரசின் கைக்கு மாறின. கிராமப் பங்குகள் பல ஒன்றிணைக்கப்பட்டன; கோவில்கள் சில நூலகங்களாகவும் மண்டபங்களாகவும் மாறின. குருவானவரின் மேசையிலிருந்த ஏடு ஆவணக் காப்பகத்தை அடைந்துள்ளது. கொடிவழி தேடுவோரின் தொகையோ குறையவில்லை. பங்கு என்ற சமூக அமைப்பு தளர்ந்த நிலையில், அதன் ஏடு அடையாளத்தின் இருப்பிடமாக எஞ்சியுள்ளது.

முன்னோரைத் தேடும் ஆவலை இகழ்தல் நமது நோக்கமன்று. வரலாற்று நூல்கள் பெயர் சொல்லாது விட்ட உழவனுக்கும் தாய்க்கும் பெயர் அளித்த ஆவணம் இப்பதிவேடு. ஆளும் வர்க்கத்தின் தேவைக்காக எழுதப்பட்டதாயினும், உழைத்தவர்களின் இருப்பை அது காத்துத் தந்தது. இம்முரண்பாட்டை உணர்ந்து வாசிப்பவர், ஒரு பெயரைக் கண்டதும் 'இவர் என் முன்னோர்' என்பதோடு நில்லாது சில வினாக்களை எழுப்புதல் வேண்டும். இவருக்கு நிலம் இருந்ததா? இவர் கையொப்பமிட்டாரா? இவருடன் பிறந்தோர் எங்கு சென்றனர்? இவர் வீட்டில் குடும்பப் பெயரின்றி வாழ்ந்தவர் எவரேனும் உளரா? இவர் வருமுன் அந்நிலத்திற் பயிர் செய்தவர் யார்? திருக்குடும்பப் பங்கின் ஏட்டை இவ்வினாக்களோடு திறப்பின், அது ஒரு குலத்தின் பெருமைப் பட்டியலாக நில்லாது, ஒரு சமுதாயத்தின் வரலாறாக விரியும்.